மார்லாக்குகள் வில்லன்களா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எக்ஸ்-மென் காமிக்ஸில் (பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மியூட்டன்ட்டுகளின் கதை) நியூயார்க்கின் சுரங்கங்களுக்குள் வாழும் மியூட்டன்ட் கூட்டமான மார்லாக்குகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வரவில்லை. சிறகு முளைத்த ஏஞ்சலைக் கடத்துகிறார்கள், எக்ஸ்-மென் குழுவின் சிறுமி கிட்டி ப்ரைடைச் சாவின் விளிம்புக்குத் தள்ளுகிறார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் என்பதால் எல்லாம் சரியாகிவிடுமா? அவர்கள் ஒதுக்கப்பட்டதற்குத் தோற்றம்தான் காரணம் என்கிறீர்கள். நீலத் தோலும் வாலுமாக இருக்கும் நைட்க்ராலரை எக்ஸ்-மென் சேர்த்துக்கொள்ளவில்லையா? இல்லாததை ஏற்றிச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச.,

மார்லாக்குகளின் தலைவி கலிஸ்டோ செய்தது அக்கிரமம்தான். எனக்குத் துணையாக இரு என்று ஒருவனைத் தூக்கிக்கொண்டு போவதை நானும் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் அவள் தூக்கிப்போனது யாரை? ஏஞ்சல் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளை, அழகன். சிறகுகளை மடித்துக் கட்டிச் சட்டை போட்டுக்கொண்டால் எந்த விருந்துக்கும் போகலாம். நைட்க்ராலரால் அது முடியாது. 1975-ல் அவர் குழுவுக்கு வந்த பிறகு, வெளியே நடமாட உருவத்தை மாற்றிக் காட்டும் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். அந்தக் கருவி கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள்? 1983-ல் எழுத்தாளர் க்ரிஸ் க்ளேர்மான்ட்டும் ஓவியர் பால் ஸ்மித்தும் 169-ஆம் இதழில் அதைத்தான் காட்டினார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. எக்ஸ்-மென்னை உருவாக்கிய சேவியரிடம் செரிப்ரோ இருக்கிறது, எங்கோ இருக்கும் மியூட்டன்ட்டையும் கண்டுபிடித்துவிடும் இயந்திரம். அவருடைய பள்ளி மன்ஹாட்டனுக்குச் சற்று வடக்கேதான். அப்படியிருந்தும் மன்ஹாட்டனின் அடியில் ஒரு கூட்டமே வாழ்ந்தது எக்ஸ்-மென்னுக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்துச் சேர்த்தவன் காலிபன், வெளுத்த உடம்பும் பெரிய கண்களுமாக இருட்டில் திரிந்த ஒருவன். மியூட்டன்ட்டுகளை உணர்ந்து அறிவதுதான் அவனுடைய சக்தியும்.

கிட்டி விஷயத்துக்கு வருவோம். நோயில் கிடந்தபோது, நண்பர்களைக் காப்பாற்ற உதவினால் உன்னோடு இருந்துவிடுகிறேன் என்று காலிபனிடம் வாக்குக் கொடுத்தவள் அவள். காரியம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் மார்லாக்குகள் அவளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கல்யாணத்துக்கு நிறுத்தியது கொடுமை, சந்தேகமில்லை. ஆனால் அவள் மனம் தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் அவளை விட்டுவிடுவது யார்? காலிபன்தான். அந்தக் கதையில் பெருந்தன்மையாக நடந்துகொள்பவன் அவன் ஒருவனே என்பேன்.

எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்மையும் விட முடியாது. எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் என்பதால் வருத்தத்தோடு சொல்கிறேன். சின்ன வயதில் கெய்ரோவில் இடிபாடுகளுக்குள் பெற்றோரின் உடல்களோடு சிக்கிக் கிடந்தவள், அடைபட்ட இடம் என்றாலே மூச்சுத் திணறுபவள். அவள் அந்தச் சுரங்கத்துக்குள் கத்தியோடு நின்று கலிஸ்டோவை வென்று மார்லாக்குகளின் தலைவியாகிறாள். அப்புறம் சேவியரின் மாளிகைக்குத் திரும்பிவிடுகிறாள். கீழே அன்றாடம் கூட்டத்தை நடத்தியது மறுபடி கலிஸ்டோதான்.

1986-ல் வில்லன் மிஸ்டர் சினிஸ்டர் ஏவிய மராடர்கள் என்ற கொலைக் கும்பல் சுரங்கத்துக்குள் புகுந்து மார்லாக்குகளில் பெரும்பாலோரைக் கொன்றது. அந்தப் பல இதழ்த் தொடரில் வாசகர் மனதில் நின்றது எது? ஏஞ்சலின் சிறகுகள் சிதைந்தது, எக்ஸ்-மென்னில் கொலாசஸும் நைட்க்ராலரும் கிட்டியும் படுகாயத்தோடு விழுந்தது. அவர்களுக்கு அதற்குப் பிறகும் நீண்ட கதைகள் உண்டு. செத்த மார்லாக்குகளில் பலருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அவர்களுக்குச் சிதை மூட்டுவது தோர், வேறொரு காமிக்ஸிலிருந்து வந்தவர். எழுதியவர்கள் திறமைசாலிகள், அந்த இதழ்களை இன்றும் விரும்பிப் படிக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் கதையும் மார்லாக்குகளை ஒதுக்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

நேரம் இருந்தால் 169, 170, 178, 179 இதழ்களை வரிசையாக ஒருமுறை படியுங்கள். படுகொலைக் கதையை அதற்குப் பிறகு எடுங்கள். அப்போதும் இரக்கம் வரவில்லை என்றால் கட்டாயம் எழுதுங்கள், பேசுவோம்.