உழவர் கேள்வி – பதில்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் செம்மண் சரளை நிலம். மணிச்சத்து உள்ள டிஏபி உரம் போட்டும் நெல் தூர் கட்டவில்லை, பக்கக் கிளைப்பு இல்லை. இலை கரும்பச்சையாக விறைத்து நிற்கிறது. பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரத்தை யூரியாவோடு கலந்து வீசினேன். பலன் இல்லை, ஏன்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாக்குறையே. உங்கள் மண்ணில் மணிச்சத்து இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுச் செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாஸ்போபாக்டீரியா சுரக்கும் கரிம அமிலங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தி, வேர் உறிஞ்சும் நிலைக்குக் கொண்டுவருகின்றன.

யூரியாவோடு கலந்ததுதான் தவறு. ரசாயன உரம், சாம்பல், பூஞ்சாணக் கொல்லி எதுவும் நேரடியாகப் பட்டால் உயிரிகள் செத்துவிடும்.

ஏக்கருக்கான விதைக்கு 400 கிராம் பாஸ்போபாக்டீரியா போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பிசிறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதையுங்கள். கஞ்சி வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆகாது. பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை முதலில் கலந்து, ஒரு நாள் கழித்து இதைச் சேருங்கள். நடவு என்றால் 400 கிராமைத் தண்ணீரில் கரைத்து நாற்றின் வேரை 20 நிமிடம் நனைக்கலாம்.

வயலுக்கு 800 கிராமை, 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மணலோடு கலந்து, ஈரமுள்ள நிலத்தில் சாயங்காலம் தூவுங்கள். காய்ந்த புழுதியில் தூவினால் காசுதான் வீண். ரசாயன உரத்துக்கும் இதற்கும் ஒரு வார இடைவெளி விடுங்கள். பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில் படும் கடை வாசலில் அடுக்கியிருந்தால் வாங்க வேண்டாம்.

தொழுவுரம் இல்லாத மண்ணில் இந்த உயிரிகளுக்கு இரை கிடையாது. கண்மாய் வண்டலோ கொளுஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடியோ முதலில் சேருங்கள்.