பவர் கன்வர்ட்டர் என்றால் என்ன? சார்ஜர்கள் எப்படி இவ்வளவு சின்னதாயின?

சிங்கப்பூரில் நம் வீட்டுச் சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். கைப்பேசிக்கோ சில வோல்ட் நேர்திசை மின்சாரம் போதும். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் சுற்றுதான் பவர் கன்வர்ட்டர். சார்ஜருக்குள் இருப்பது அதுவே.

பழைய அடாப்டர்கள் செங்கல்போல் கனத்ததற்குக் காரணம் அந்த 50 ஹெர்ட்ஸ்தான். நொடிக்கு 50 சுற்றுதான் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் நிறைய ஆற்றலைக் கடத்தியாக வேண்டும். அதற்குப் பெரிய இரும்புத் துண்டும் செம்புச் சுருளும் தேவைப்பட்டன. இன்றைய சார்ஜரில் ஒரு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றில் லட்சக்கணக்கான தடவை, திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே போவதால் சின்னச் சுருள் போதும். எம்ஆர்டியை நினைத்துப் பாருங்கள். காலை நெரிசலில் சில நிமிடத்துக்கு ஒரு ரயில் வருவதால் மேடையில் கூட்டம் தேங்குவதில்லை. அரை மணிக்கு ஒன்றுதான் என்றால் மேடையை எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கும்!

சரி, சூடு? சுவிட்ச் முழுதாகத் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் வீணாவது மிகக் குறைவு. நிலை மாறும் கணத்தில்தான் இழப்பு அதிகம். இந்தச் சுவிட்சை வழக்கமாகச் சிலிக்கானில் செய்வார்கள். புதிய சின்னச் சார்ஜர்கள் பலவற்றில் இருக்கும் காலியம் நைட்ரைடு (GaN) என்ற குறைகடத்திப் பொருள் சிலிக்கானைவிட வேகமாக நிலை மாறுவதால் அந்த இழப்பு குறைகிறது. 2014 இல் இயற்பியல் நோபல் பெற்ற நீல எல்இடியும், புளூ-ரே இயந்திரத்தின் லேசரும் இதே பொருள் குடும்பத்தில் பிறந்தவை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம், 65 வாட் சார்ஜர் போனைக் கெடுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 65 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவு மட்டுமே. எவ்வளவு வேண்டும் என்பதைப் போன்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறது.