சிக்கலே வராத மருத்துவமனை எது?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்ய, இரு மருத்துவமனைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே வந்ததில்லை என்று உங்களிடம் உறுதி கூறிய மருத்துவமனையைவிட, பெருங்குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 4 பேருக்குக் குடல் இணைப்பில் கசிவு ஏற்பட்டது என்று கணக்கை எடுத்துக் காட்டிய மருத்துவமனையையே நான் நம்புவேன். அந்த எண்ணைக் கேட்டுத்தான் நீங்கள் மிரண்டுபோய் எழுதியிருக்கிறீர்கள். புற்று இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கும் எந்த அறுவை சிகிச்சையிலும், எவ்வளவு தேர்ந்த கை செய்தாலும், சிலருக்கு அந்த இணைப்பு சரியாகக் கூடாமல் போகிறது. பெருங்குடலில் 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 6 பேருக்கும், மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இணைக்கும்போது அதைவிடக் கூடுதலானவர்களுக்கும் இது நேர்கிறது. ஒன்றுகூட இல்லை என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அங்கே இந்த அறுவை சிகிச்சை மிகக் குறைவாகவே நடந்திருக்க வேண்டும், அல்லது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று பொருள்.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. கிளேவியன்–டிண்டோ என்ற தரவரிசை 2004-இல் 6,336 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு செம்மைப்படுத்தப்பட்டு, இன்று உலகெங்கும் பயன்படுகிறது. சிக்கலைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை வைத்து அது தரம் பிரிக்கிறது. வாந்திக்கு ஓர் ஊசி போட்டதும், சீழ் கட்டிய காயத்தைப் படுக்கையிலேயே திறந்துவிட்டதும் முதல் தரம். ரத்தம் ஏற்றினாலோ, ஆன்டிபயாடிக் கொடுத்தாலோ இரண்டாம் தரம். குழாய் வைத்துச் சீழை வடிக்கவோ, மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோகவோ நேர்ந்தால் மூன்றாம் தரம். உயிருக்கு ஆபத்தாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தால் நான்காம் தரம், மரணம் ஐந்தாம் தரம். ஆகவே "20 பேருக்குச் சிக்கல்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அவை எந்தத் தரத்தவை என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வீட்டுக்கு அனுப்பும் நாளோடு கணக்கை முடித்துக்கொள்ளும் இடத்தில் எண் தானாகவே குறையும். 30 நாள்வரை தொலைபேசியில் கேட்டுக் கணக்கெடுக்கும் இடத்தில் கூடும். குடல் அடைத்து வீங்கிய வயிற்றோடு நள்ளிரவில் வரும் முதியவர்களைத் திருப்பி அனுப்பாத மருத்துவமனையின் எண்ணும் கூடுதலாகவே இருக்கும். அதற்காக அதைக் குறை சொல்வது நியாயமல்ல.

உங்கள் கடிதத்தில் நேரடியாகக் கேட்காத, ஆனால் ஒவ்வொரு வரியிலும் தெரிகிற கேள்வி ஒன்று உண்டு: இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்து அப்பாவை இழந்துவிடுவோமோ என்பது. அதற்குப் பயனுள்ள விடை ஓர் அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வு, பொது அறுவை சிகிச்சையும் ரத்தக் குழாய் அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட 84,730 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. இறப்பு மிகக் குறைவாக இருந்த மருத்துவமனைகளிலும், மிக அதிகமாக இருந்த மருத்துவமனைகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிக்கல் வந்திருந்தது, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் முதல் வகையில் 12.5 சதவீதம், இரண்டாம் வகையில் 21.4 சதவீதம். வந்த சிக்கலை எவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்து, நோயாளியை மீட்டெடுக்கிறார்கள் என்பதில்தான் உயிர் பிழைப்பது இருக்கிறது. எனவே "எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது" என்று கேட்டதோடு நிற்காமல், "வந்தவர்களை எப்படிக் காப்பாற்றினீர்கள்" என்றும் இரு இடங்களிலும் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா, அந்த நேரத்தில் முடிவெடுக்கும் அறுவை மருத்துவர் வருவாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி, நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் எச்சரிக்கை அறிகுறியைச் சொல்கிறேன்: நாடித்துடிப்பு. கசிவு பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள்களுக்குள் தலைகாட்டும். காய்ச்சலும் வயிற்று வலியும் அதிகரிப்பதற்கு முன்பே நாடி ஏறத் தொடங்கிவிடலாம். காலையில் 84, மாலையில் 98, இரவில் 112 என்று அட்டவணையில் ஏறிக்கொண்டே போகும். நோயாளியோ "ஒன்றுமில்லை, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது" என்பார். நேற்றுவரை எழுந்து நடந்தவர் இன்று படுத்தே கிடக்கிறார், வயிறு உப்புகிறது, பேச்சில் சற்றுக் குழப்பம் தெரிகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. மூன்றாம், நான்காம் நாளில் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் குறைந்து வந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டியே நின்றால் கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். அப்பா ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரை நாடியை அடக்கி வைக்கும். ஆகவே அவருக்கு நாடி ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து ஆறுதல் கொள்ளாமல் மற்ற மாற்றங்களையும் பாருங்கள்; அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் இப்படி ஏதேனும் நேர்ந்தால், மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும், காய்ச்சல் வரும்போதெல்லாம் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிக்கொண்டிருப்பதும் செய்யக் கூடாதவை. நோயைத் தணிக்காமல் அதன் அடையாளத்தை மட்டும் அவை மறைத்துவிடும். மறு அறுவை சிகிச்சைக்கு உகந்த நேரம் அப்படித்தான் கை நழுவிப் போகிறது. அறுவை செய்த மருத்துவமனைக்கே அன்றிரவே கொண்டுபோங்கள்.

இணையத்தில் பார்த்துப் பட்டியலிட்ட மற்றவற்றுக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் ஓரிரு முறை மலத்தில் சற்றே பழைய ரத்தம் கலந்து வருவதும், வலப்பக்கப் பெருங்குடலை எடுத்தபின் சில வாரம் மலம் இளகிப் போவதும், தழும்பைச் சுற்றி மரத்துப்போவதும் இயல்பானவை. குடல் இணைப்பைக் கையால் தைப்பதா, ஸ்டேப்ளர் போடுவதா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அப்பா பீடியைக் "குறைத்துக்கொண்டார்" என்பது போதாது. புகை, இணைப்பு கூடுவதைக் கெடுக்கும். இன்றே முழுதாக நிறுத்தச் சொல்லுங்கள். குடலுக்குப் பலம் தரும் என்று யாரோ காணொளியில் சொன்னதைக் கேட்டுக் கொடுத்துவரும் கஷாயத்தையும் நிறுத்திவிட்டு, அதில் என்னென்ன சேர்ந்தன என்பதை எழுதி, அப்பாவின் ரத்தச் சர்க்கரை அளவோடு சேர்த்து மயக்க மருந்து மருத்துவரிடம் கொடுங்கள்.