மகளுக்கு 16 வயதானால் காசு நின்றுவிடுமா?

கேள்வி: அக்கா, நானும் மகளும் மட்டும்தான், லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கடையில் கிழமைக்கு 20 மணி நேரம் வேலை செய்கிறேன். மிச்சத்துக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட்டும் (குறைந்த வருமானத்துக்கான உதவிக் காசு) சைல்ட் பெனிபிட்டும் (பிள்ளைக்கான உதவிக் காசு)தான். வருகிற மார்ச்சில் மகளுக்கு 16 வயதாகிறது, அதோடு எல்லாம் நின்றுவிடும் என்று கூட வேலை செய்கிறவர் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மகள், "ஜிசிஎஸ்ஈ பரீட்சை முடிய நான் வேலைக்குப் போகிறேன் அம்மா" என்று நிற்கிறாள். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் மகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: அவள் படித்தால் காசு வரும், படிப்பை விட்டால்தான் நிற்கும். அத்தோடு இங்கிலாந்தில் 18 வயது வரை ஏதாவது படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் கூட்டாளி சும்மா சொல்லவில்லை. முன்பு, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்குக் கடைசிப் பிள்ளைக்கு 16 ஆகும்வரை வேலை தேடாமலே இன்கம் சப்போர்ட் என்ற அரசு உதவி கிடைத்தது. 2008 நவம்பரில் அந்த வயதை 12 ஆக்கினார்கள், பிறகு 10, 7, 2012இல் 5. இப்போது யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கு 3 வயதானதுமே வேலை தேடச் சொல்கிறார்கள். அந்தப் பழைய 16தான் இன்னும் வாய்க்கு வாய் வந்துகொண்டிருக்கிறது.

சைல்ட் பெனிபிட் பிறந்தநாளோடு நிற்காது. 16 ஆன பிறகு வரும் ஆகஸ்ட் 31 வரை தானாக வரும். ஜிசிஎஸ்ஈக்குப் பிறகு ஏ லெவல், டி லெவல் போன்ற முழுநேரப் படிப்பு என்றால் அதற்குப் பிறகும் தொடரும். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். சைல்ட் பெனிபிட் கொடுக்கும் வரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வரும், பதில் போடாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். நான் ஆலோசனை மேசையில் இருந்த காலத்தில் ஒரு தாய் அந்தக் கடிதத்தை உறை பிரிக்காமலே கொண்டுவந்தார், செப்டம்பரில் காசு வராத பிறகு. மகன் ஒழுங்காக சிக்ஸ்த் ஃபார்ம் (ஏ லெவல் வகுப்பு) போய்க்கொண்டிருந்தான். "நான்தான் ஜர்னலில் எழுதினேனே" என்றார். எழுதியது யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் உள்ள ஜர்னலில். இரண்டும் வேறு வேறு திணைக்களம், இரண்டுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஜிசிஎஸ்ஈ முடிவு ஆகஸ்ட் பிற்பகுதியில்தான் வரும், அதுவரை காத்திருக்காதீர்கள். படிக்கப் போகிறாள் என்று முன்னதாகவே சொல்லுங்கள், மாறினால் மாற்றிச் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். அப்ரன்டிஸ்ஷிப் (சம்பளத்தோடு வேலை பழகுவது) எடுத்தால் அது படிப்பாகக் கணக்கில் வராது, யூனிவர்சல் கிரெடிட்டில் அவளுக்கான பங்கும் சைல்ட் பெனிபிட்டும் நின்றுவிடும். அவளுக்குச் சம்பளம் வரும், சரி, ஆனால் 2025-26இல் அதன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.55 பவுண்டாகத்தான் இருந்தது.

உண்மையான அடி ஏ லெவல் முடிகிற கோடையில்தான் விழும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. இனிச் சொல்லும் தொகைகள் எல்லாம் 2025-26 கணக்கு: யூனிவர்சல் கிரெடிட்டில் மகளுக்காக மாதம் 339 பவுண்டு சேர்ந்தது. பிள்ளை இருப்பதால் உங்கள் மாதச் சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள். மகள் கணக்கிலிருந்து போனதும் அந்த 411 சலுகையும் போய்விடும், அதில் மட்டும் 226 பவுண்டு குறையும். கிழமைக்கு 26.05 பவுண்டு சைல்ட் பெனிபிட்டையும் சேர்த்துப் பாருங்கள், மாதம் கிட்டத்தட்ட 680. வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் போனாலும் இதே கதைதான். அவளுக்கு மாணவர் கடன் கிடைக்கும், ஆனால் அது அவள் தலையில் ஏறும் கடன். அதே வீட்டில் அதே சட்டியில் சமைத்துச் சாப்பிடும் பிள்ளையை ஒரே கோடையில் இல்லாத பிள்ளையாக்குவது அநியாயம் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. கடையில் மணி நேரம் கூட்டித் தருவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அதுவரை லண்டன் பஸ்ஸுக்கு 16+ ஸிப் ஓய்ஸ்டர் அட்டை எடுங்கள், பள்ளியில் 16-19 பர்சரி (படிப்புச் செலவுக்கான உதவித் தொகை) பற்றியும் கேளுங்கள்.

அப்புறம் கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டுக்கு உள்ளூர் கவுன்சில் வாங்கும் வரி. தனியாக இருப்பவர் என்று 25 சதவீதத் தள்ளுபடி எடுக்கிறீர்கள் என்றால், மகள் 18க்குப் பிறகு முழுநேர மாணவியாக இருக்கும்வரை அது போகாது. படிப்பை முடித்து வேலைக்குப் போனால் போய்விடும், அன்றே கவுன்சிலுக்கு அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள்.