துருக்கி அழைப்பு கதவடைப்பு அல்ல

உங்கள் நண்பர் டெக்சாஸில் கல்லூரிக் கூடைப்பந்து நட்சத்திரம், டிராஃப்டில் (அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பெயர் வரவில்லை, துருக்கிக்கு ஆடப் போனால் அமெரிக்காவின் முதன்மைத் தொடரான என்பிஏவில் ஆடும் கனவு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது, ஆனால் வாசல் மிகக் குறுகியது. முப்பது அணிகள்; அணிக்கு 15 வழக்கமான இடங்கள், என்பிஏவின் துணைத் தொடரான ஜி லீக்குடன் பகிரும் இருவழி ஒப்பந்தங்கள் 3. அவ்வளவுதான்.

பி.ஜே. டக்கரைப் பாருங்கள். 2006இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். டொராண்டோ அணி டிராஃப்டில் தேர்ந்தெடுத்து, ஒரே பருவத்தில் கைவிட்டது. இஸ்ரேல், உக்ரைன், கிரேக்கம், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்தாண்டுகள் அலைந்து, 2012இல் ஃபீனிக்ஸ் அணி வழியாக என்பிஏவுக்குத் திரும்பினார். 2021இல் மில்வாக்கி அணியுடன் கோப்பையும் வென்றார். கல்லூரியில் புள்ளிகளைக் குவித்த அவரை என்பிஏவில் நிலைக்க வைத்தது தடுப்பாட்டமும், ஆடுகளத்தின் மூலையிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்தும்தான். உங்கள் நண்பரை அணிகள் எடைபோடுவதும் அப்படித்தான்: பந்து கையில் இல்லாதபோது அவரால் என்ன பயன்?

ஜி லீக்கும் நல்ல வழியே. டிராஃப்டில் விடுபட்ட ஃப்ரெட் வான்வ்லீட் அங்கும் ஆடித்தான் 2019இல் டொராண்டோவுடன் கோப்பை வென்றார். ஆனால் சம்பளம் குறைவு. குடும்பப் பொறுப்பு இருந்தால் துருக்கிக்கே போகச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன், என்பிஏ அழைத்தால் விலகலாம் என்ற விதியை ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.