ஹெச்.ஐ.வி. என்றதும் ஆபரேஷனை ரத்து செய்துவிட்டார்கள்: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: எனக்கு 43 வயது. பித்தப்பையில் கல். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, முந்தைய நாள் மாலை அட்மிட் செய்தார்கள். வழக்கமான டெஸ்ட் என்று ரத்தம் எடுத்தார்கள். இரவு ஒரு நர்ஸ், என்னிடம் எதுவும் சொல்லாமல், கவுன்டர் பக்கம் நின்ற என் மனைவியையும் மைத்துனரையும் கூப்பிட்டு "ஹெச்.ஐ.வி. பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டார். காலையில் "இங்கே அதற்கு வசதி இல்லை, அரசு மருத்துவமனைக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் "நோயாளியின் வேண்டுகோளின்படி" என்று எழுதியிருக்கிறது. இன்னொரு மருத்துவமனை ஆபரேஷன் செய்யத் தயார், ஆனால் "ஸ்பெஷல் கிட்" என்று தனியாகப் பணம் கேட்கிறது. புகார் கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று மனைவி பயப்படுகிறாள். என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்: வழி உண்டு. ஆனால் வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஒரே ஒரு பரிசோதனைக் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் அது மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான். நம் நாட்டு நடைமுறையில் வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளிலும் பாசிட்டிவ் வந்தால்தான் உறுதி என்று சொல்வார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், ஆலோசகர் தனியாக உட்கார்ந்து பேசுவார், முடிவையும் உங்களிடம்தான் சொல்வார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

அங்கே உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது ஹெச்.ஐ.வி.க்கு மருந்து தரும் மையத்தில், பதிந்து கூட்டு மருந்தைத் தொடங்குங்கள். 2004 முதல் இந்த மருந்து அரசு மையங்களில் இலவசம். சி.டி.4 (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை இவ்வளவுக்குக் கீழே போகும்வரை காத்திருங்கள் என்று சொல்லும் காலமும் 2017-லேயே போய்விட்டது. மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவின் மூலம் மனைவிக்குத் தொற்றாது. இதை அவர் ஆலோசகர் வாயாலேயே கேட்கட்டும். அவரும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆனால் அது அவருடைய சம்மதத்தோடு நடக்க வேண்டும், உங்கள் வற்புறுத்தலால் அல்ல.

இனி சட்டம். ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 என்று ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு, தனியார் என்ற வித்தியாசம் இதற்குக் கிடையாது. உங்கள் விஷயத்தில் அந்த மருத்துவமனை இந்தச் சட்டத்தை ஒரே இரவில் மூன்று இடத்தில் மீறியிருக்கிறது.

முதலாவது, சம்மதம். அட்மிஷன் போடும்போது ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். "அதில் எல்லா டெஸ்டுக்கும் சம்மதம் இருக்கிறதே" என்று பின்னால் சொல்வார்கள். அது செல்லாது. ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கான சம்மதம் அந்தப் பரிசோதனைக்கென்றே, உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லிப் பெறப்பட வேண்டும். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவதும் அதில் சேர்ந்தது. பிரிவு 5 அப்படித்தான் சொல்கிறது. நீதிமன்ற உத்தரவு, ரத்த வங்கிப் பரிசோதனை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆபரேஷனுக்கு முந்தைய "வழக்கமான டெஸ்ட்" அதில் இல்லை. சிகிச்சை வேண்டுமென்றால் ஹெச்.ஐ.வி. டெஸ்ட் செய்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதையும் பிரிவு 3 தடுக்கிறது.

இரண்டாவது, ரகசியம். உங்களுக்கு ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜனிடம் லேப் தகவல் சொன்னால் அதில் தவறு இல்லை. சிகிச்சையில் இருப்பவர்களுக்குள் தேவையான அளவு பகிர்ந்துகொள்ள சட்டமே இடம் தருகிறது. மைத்துனருக்குச் சொன்னதற்கு எந்த நியாயமும் கிடையாது. மனைவிக்குச் சொன்னது கொஞ்சம் நுணுக்கமானது. துணைவருக்குத் தெரிவிக்கப் பிரிவு 9 ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவர் அல்லது ஆலோசகர். முதலில் உங்களிடம் பேசி, நீங்களே சொல்லும்படி ஆலோசனை தந்து, நீங்கள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, "நான் சொல்லப்போகிறேன்" என்று உங்களிடம் அறிவித்துவிட்டு, மனைவிக்கும் ஆலோசனை தந்து நேரில் சொல்ல வேண்டும். இத்தனை படியையும் தாண்டி, நோயாளிக்கே தெரியாத விஷயம் கவுன்டரில் போட்டு உடைக்கப்பட்டிருக்கிறது.

அந்த நர்ஸ் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பயிற்சி தர வேண்டியது நிர்வாகம். புகாரும் நிர்வாகத்தின் மீதுதான் போக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: சிகிச்சையை மறுத்தது. எந்த மருத்துவமனையும் "ஹெச்.ஐ.வி. இருப்பதால் செய்ய மாட்டோம்" என்று எழுதித் தராது. "வசதி இல்லை", "டாக்டர் லீவு", "தியேட்டர் காலி இல்லை" என்றுதான் வரும். இங்கே "வசதி இல்லை" என்ற வாதம் நிற்காது. அதே ஆபரேஷனை அதே இடத்தில் செய்யத் தேதி கொடுத்தவர்கள் அவர்கள்தான். முந்தைய நாள் மாலைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் மாறியது ஒரு லேப் ரிப்போர்ட் மட்டும்.

அப்புறம் இன்னொன்று. புதிதாகத் தொற்றியவருக்கு முதல் சில வாரங்களில் பரிசோதனையில் நெகட்டிவ் என்றே வரலாம். அதனால்தான் கையுறை, கண் பாதுகாப்பு, ஊசிகளைக் கையாளும் முறை எல்லாமே எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டியவை. அந்தப் பாதுகாப்பை ஊழியர்களுக்குத் தருவதும், தப்பித்தவறி ஊசி குத்திவிட்டால் உடனே தடுப்பு மருந்து கிடைக்கச் செய்வதும் மருத்துவமனையின் கடமை என்று பிரிவு 19 சொல்கிறது. ஊழியர்களின் பயம் நியாயமானதே. அதற்கான மருந்தைக் கையில் வைத்திருப்பதுதான் பதில், நோயாளியை வெளியே அனுப்புவதல்ல.

ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். "உங்கள் உடல்நிலை இப்போது மயக்க மருந்தைத் தாங்காது, சில வாரம் கழித்துச் செய்யலாம்" என்று மருத்துவக் காரணத்தோடு ஒரு மருத்துவர் எழுதித் தந்தால் அது பாரபட்சம் ஆகாது. உங்களுக்கு அப்படி எதுவும் எழுதித் தரவில்லை. அதற்குப் பதில் "நோயாளியின் வேண்டுகோளின்படி" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளை அப்படியே விட்டால் வழக்கு முழுவதும் அதில் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் போடுங்கள். அதில் திட்ட வேண்டாம், சட்டப் பிரிவுகளைக் கொட்டவும் வேண்டாம். "இன்ன தேதி மாலை இத்தனை மணிக்கு ஆபரேஷனுக்காக அட்மிட் ஆனேன். மறுநாள் காலை ஆபரேஷன் செய்ய இயலாது என்று இன்னார் சொன்னார். நான் டிஸ்சார்ஜ் கேட்கவில்லை. மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள். என் மருத்துவப் பதிவேடுகளின் நகலும் வேண்டும்." இவ்வளவு போதும். பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. அட்மிஷன் சீட்டு, முன்பணம் கட்டிய ரசீது, தேதி குறித்துக் கொடுத்த ஓ.பி. சீட்டு, வாட்ஸ்அப்பில் வந்த தகவல் எதையும் அழித்துவிடாதீர்கள். அவர்கள் பதிலே போடாவிட்டாலும் சரி, கேட்டதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனை என்றால் ஒரு புகார் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். கடிதத்தின் ஒரு பிரதி அவருக்கு. அங்கே தீராவிட்டால் மாநில அரசு நியமிக்கும் ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். முகவரியை மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தில் கேட்டு வாங்கலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். அவசர சிகிச்சை என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடுதல். புகாரை மூன்று மாதம் தாண்டவிடாதீர்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்குள்ள மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சையை மறுத்தவருக்கு நேரடியாகத் தண்டனை எதையும் இது வைக்கவில்லை. உத்தரவை மீறினால்தான் அபராதம். அதனால் நஷ்டஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். நீங்கள் பணம் கட்டிய நோயாளி, அங்கே வழக்குப் போட உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

மனைவியின் பயத்துக்கு வருவோம். பிரிவு 34-இன்படி, உங்கள் பெயருக்குப் பதில் புனைபெயரில் வழக்கை நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கவும் நீதிமன்றத்திடம் கேட்கலாம். ராணுவ மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தத்தால் தொற்றுக்கு ஆளான ஒரு முன்னாள் விமானப்படை வீரரின் வழக்கில், 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை நீதிமன்றங்கள் மட்டுமின்றித் தீர்ப்பாயங்களும் ஆணையங்களும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரே எச்சரிக்கை: பெயரை மறைக்கும் மனுவை வழக்கோடு சேர்த்தே, முதல் நாளே தாக்கல் செய்ய வேண்டும். உண்மைப் பெயரில் வழக்கு எண் விழுந்துவிட்டால் பிறகு மறைப்பது பெரும்பாடு. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

"ஸ்பெஷல் கிட்", அதாவது ஊழியர்களின் பாதுகாப்புப் பொருட்களுக்கென்று கேட்கும் பணம்? பாரபட்சம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், ஒருவர் மீது கூடுதல் சுமை ஏற்றுவதும் அடங்கும். எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு என்னும்போது உங்களிடம் மட்டும் கூடுதல் கட்டணம் கேட்பது அந்த வகையில்தான் வரும் என்பது என் கருத்து. ஆனால் கல்லோடு வலியைத் தாங்கிக்கொண்டு கொள்கைக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அரசு மருத்துவமனையில் சீக்கிரம் தேதி கிடைத்தால் அங்கே செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தக் கிட்டுக்கான தொகை பில்லில் தனி வரியாக வரும்படி கேட்டு வாங்குங்கள். திரும்பக் கேட்க அந்த வரி தேவைப்படும். இதற்கிடையில் காய்ச்சலோடு வலி கூடினாலோ, கண் மஞ்சளானாலோ எதையும் யோசிக்காமல் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். அவசர நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும், அரசு மருத்துவர் ஆனாலும் தனியார் மருத்துவர் ஆனாலும் இதே கடமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.