ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்குள் பொருள் உறவு உண்டா? அதை வைத்துச் சொற்களை மனப்பாடம் செய்யலாமா?

உண்டு, ஆனால் எல்லாச் சொற்களுக்கும் இல்லை. எங்கே உண்டு, எங்கே இல்லை என்று தெரியாமல் மனப்பாடத்தில் இறங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

நான் பட்டது அதுதான். பள்ளியில் அகராதி வரிசைப்படி தினமும் பத்துச் சொல் படிக்கச் சொன்னார்கள். ஏ-டி என்று தொடங்கும் மூன்று சொற்கள் (adapt, adopt, adept) ஒரே நாளில் வந்தன. நடுவில் ‘ஏ’ வந்தால் சூழலுக்கேற்ப மாறிக்கொள்வது, ‘ஓ’ வந்தால் தத்தெடுப்பது, ‘இ’ வந்தால் கைதேர்ந்தவர். மூன்றையும் சேர்த்துப் படித்ததாலேயே பல வருடங்கள் அவை எனக்குள் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. எழுத்து ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்களை அருகருகே வைத்துப் படிப்பது தீங்கு என்பது என் உறுதியான கருத்து. எழுத்தும் பொருளும் சேர்ந்து போகிற குடும்பங்களைத்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட குடும்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எஸ்-என் குடும்பம். ஸ்னோர் என்றால் குறட்டை, ஸ்னீஸ் என்றால் தும்மல். ஸ்னிஃப் மோப்பம் பிடிப்பது, ஸ்னார்ட் மூக்கால் சீறுவது, ஸ்னாட் மூக்குச்சளி, ஸ்னவுட் பன்றி, நாய் போன்றவற்றின் நீண்ட மூக்கு, ஸ்னஃப் மூக்குப்பொடி. அத்தனையும் மூக்கு! இதில் தும்மலின் கதை தனி. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் எஃப்-என் என்றுதான் தொடங்கியது. அந்த எழுத்துக்கூட்டு மொழியில் அருகிப்போனபோது, மூக்குச் சொற்கள் நிறைந்த எஸ்-என் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது.

இப்போது நம் மொழியைப் பாருங்கள். மூக்கு, மூச்சு, மோப்பம், முகர்தல், முனகல். நாம் ‘ம’வில் தொடங்குகிறோம், அவர்கள் எஸ்-என்னில் தொடங்குகிறார்கள். இரண்டிலும் மூக்கின் வழியாகக் காற்றை விட்டுச் சொல்லும் மெல்லொலி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று சொல்லிப் பாருங்கள், மூக்கைப் பிடித்தால் ஒலி நின்றுவிடும். ஸ்னோவையும் ஸ்னேக்கையும் ஸ்னெய்லையும் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். பனிக்கும் மூக்குக்கும் தொடர்பில்லை. பாம்பும் நத்தையும் ஊர்தலைக் குறிக்கும் பழைய வேர் ஒன்றிலிருந்து வந்தவை, அவை தமக்குள் உறவினர்.

அடுத்தது ஜி-எல். க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிம்மர், க்ளின்ட், க்ளேர் எல்லாம் ஒளியின் வகைகள். கண்ணாடியைக் குறிக்கும் க்ளாஸும் இந்த வகைதான். க்ளாட் என்றால் மகிழ்ச்சி என்று படித்திருப்போம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஒளிர்வது என்ற பொருளும் இருந்தது. மகிழ்ந்தவரின் முகம் பளிச்சென்று இருக்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அதே எண்ணம். நம்மிடம் பளபள, பளிச், பளீர், பளிங்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆனால் கையுறையான க்ளவ், பசையான க்ளூ, உருண்டையான க்ளோப் ஆகியவற்றில் ஒளி இல்லை.

இப்படிப் பொருளைச் சுமந்து வரும் ஒலிக்கூட்டுக்கு ‘ஃபோனெஸ்தீம்’ என்று 1930-இல் பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர். அதற்கு முன்பே, 1653-இல், ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இத்தகைய தொடக்கங்களைத் தொகுத்திருக்கிறார். 2004-இல் பெஞ்சமின் பெர்கன் என்ற மொழியியலாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். ஒரு சொல்லைக் காட்டிவிட்டு அடுத்த சொல்லைக் காட்டினால், இரண்டும் இப்படி ஒரே குடும்பமாக இருக்கும்போது மனிதர்கள் இரண்டாவதை வேகமாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள். எழுத்து மட்டும் ஒத்த சொற்களிலும், பொருள் மட்டும் ஒத்த சொற்களிலும் அந்த அளவு வேகம் கிடைக்கவில்லை. ஆக, இது வெறும் மனப்பாட உத்தி அன்று. அந்த மொழி பேசுவோர் மனத்திலேயே சொற்கள் இப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன.

வாலிஸ் குறித்த தொடக்கங்களில் டபிள்யூ-ஆர் ஒன்று. வளைவும் முறுக்கும் அதன் பொருள் என்றார். ரிங் என்றால் துணியைப் பிழிவது, ரீத் என்றால் வளைத்துக் கட்டிய மலர்வளையம், ரிங்கிள் தோல் சுருக்கம், ரைத் வலியில் நெளிவது, ராப் சுற்றிப் பொதிவது. ரிஸ்ட், அதாவது மணிக்கட்டு, கை திரும்பும் இடம். தவறு என்று பொருள்படும் ராங் முதலில் கோணலானது என்ற பொருளில் வழங்கியது. தமிழில் கோணல், கோடுதல், ‘நடுவுநிலை கோடாமை’ எல்லாம் இதே வழியில் நடந்தவைதாம். சுற்று, சுழல், சுருள், சுருக்கம், சுழி என்ற நம் வரிசையை இதற்குப் பக்கத்தில் வைத்தால் போதும், ஆங்கில வரிசை தானாக நினைவில் நிற்கும்.

கே-என் வேறு வகை. நீ (முழங்கால்), நாட் (முடிச்சு), நாக் (தட்டுதல்), நைஃப் (கத்தி) போன்றவற்றில் ‘கே’ எழுத்தில் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் அதை உச்சரித்தார்கள். ஜெர்மன் மொழியில் முழங்கால் இன்றும் ‘க்னீ’தான்.

முன்னொட்டுகள்தாம் ஏமாற்றும் இடம். டெலி என்றால் தொலைவு என்று கற்றால் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி வரை சிக்கலில்லை. பி-இ-டி என்று தொடங்குவதைப் பாருங்கள். பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது லத்தீன் ‘பாதம்’. பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் ‘குழந்தை’. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் குழந்தை மருத்துவத்துக்கு இடையில் ஒரு ‘ஏ’ வருவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், அமெரிக்க முறையில் அதுவும் மறைந்துவிடுகிறது. ஆன்டி என்றால் எதிர் என்று படித்தவர், எதிர்பார்ப்பதைக் குறிக்கும் ஆன்டிசிபேட்டையும் பழம்பொருளைக் குறிக்கும் ஆன்டீக்கையும் கண்டு திகைப்பார். அவற்றில் இருப்பது ‘முன்’ என்று பொருள்படும் ஆன்டே. ‘இன்’ என்றால் இல்லை என்று நம்பி, இன்ஃப்ளேமபிள் என்று எழுதிய கலத்தைத் தீப்பற்றாதது என எண்ணுவது ஆபத்து. அது தீப்பற்றக்கூடியது. அந்த ‘இன்’ மறுப்பு அன்று, ‘உள்ளே’ என்று பொருள்படுவது.

மறுப்பைக் குறிக்கும் ‘இன்’ வேஷமும் மாற்றும். இல்லீகல், இம்பாசிபிள், இர்ரெகுலர் மூன்றிலும் அதுவே இருக்கிறது. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆகும் புணர்ச்சி அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது தொல்காப்பியம். ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்தவுடன் விளங்காது. அதனால் உங்கள் ஊகத்தை, வேர் காட்டும் அகராதி ஒன்றில் சரிபார்த்த பிறகே மனத்தில் பதியுங்கள்.

நான் இப்போது ஒரு குடும்பத்துக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். மேலே தொடக்க எழுத்துகள், நடுவில் சேரும் சொற்கள், பக்கத்தில் ஒத்து வரும் தமிழ்ச் சொற்கள். ஓரத்தில் கோடு போட்டு, சேராத சொற்களையும் எழுதிவிடுகிறேன், பிறகு அவை வந்து குழப்பக்கூடாது என்பதற்காக. டபிள்யூ-ஆர் பக்கத்தின் ஓரத்தில் ரைட் என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது, எழுதுவதைக் குறிக்கும் அதே ரைட். முறுக்கோடு அதற்கு உறவில்லை. அதன் பழைய பொருள் கீறுவது.